கையெழுத்துப் போடாத குளிர்காலம்

நவம்பர் 16

இரத்த அழுத்தம் கூடியிருக்கிறதாம். மருந்தோடு, மனதில் இருப்பதை எழுதி வைக்கவும் டொக்டர் சொன்னார். என் மனதில் ஒன்றுமில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

இன்று முதல் பனி. புல்லை மூடும் அளவுக்குத்தான். வழுக்காமல் இருக்க வாசல் படிக்கு உப்புத் தூவினேன். வழமையாக மேலே இருக்கும் ஜெயதாசன்தான் தூவுவார். அவரும் மனைவி பிரேமளாவும் இந்த வீட்டின் சொந்தக்காரர். நான் இவர்களுடைய பேஸ்மண்டில், நிலத்துக்குக் கீழே இருக்கும் தளத்தில், ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். ஸ்காபரோவில் இதற்கு முன் ஐந்து பேஸ்மண்டுகள் மாறியிருக்கிறேன். இதில்தான் ஜன்னல் பெரிது.

நவம்பர் 23

பேஸ்மண்டில் இருப்பவளுக்கு மேலே இருப்பவர்களின் கால்களை நன்றாகத் தெரியும். ஜெயதாசன் குதிக்காலை ஊன்றி நடப்பார், என் தட்டுகள் அதிரும். பிரேமளா செருப்பை இழுத்து நடப்பார். இரண்டு கிழமையாக, பதினாலு நாளும், இழுக்கும் செருப்பு மட்டும்தான் கேட்கிறது.

குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது பிரேமளாவைக் கண்டேன்.

"அவர் வேலை விசயமா மொன்றியலுக்குப் போயிருக்கிறார்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

வாசலில் அவருடைய குளிர்ச் சப்பாத்து இல்லை. கோடைக்குப் போடும் செருப்பும் இல்லை.

நவம்பர் 30

தம்பி விமலேந்திரன் வந்தான். அவன் வீடு வாங்கி விற்கும் முகவர். எங்கள் பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் இருக்கும் வாங்கில், விளம்பரமாக, கோட் போட்டுச் சிரித்துக்கொண்டு அவனுடைய படம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு பல் வைத்தியரின் படம் இருக்கிறது.

"அக்கா, இந்த வீட்டை விக்கப் போகினம். ஜெயதாசன் அண்ணை என்னட்டைத்தான் தந்திருக்கிறார்."

"இந்தக் குளிருக்குள்ளையோ?"

"வசந்தம் மட்டும் பொறுங்கோ எண்டு சொன்னனான். ஜனவரியிலை ஆர் வந்து வீடு பாக்கிறது? விலையும் விழுந்துபோய்க் கிடக்கு. அவர் பொறுக்கமாட்டாராம்."

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். பெப்ரவரி முடிவில் நானாகவே விருப்பத்தோடு வெளியேறுகிறேன் என்று அதில் இருந்தது.

"வாங்கிறவைக்கு பேஸ்மண்ட் வெறுமையா வேணும். இதிலை ஒரு கையெழுத்துத்தான்."

"நான் எங்கை போறது?"

"எங்கடை வீட்டுக்கு வாங்கோவன். பேஸ்மண்ட் சும்மாதானே கிடக்கு. சின்னவளையும் நீங்கள் பாத்துக்கொண்டால் அவளுக்குப் பின்னேரம் வேலைக்குப் போகலாம்." சின்னவள் அவன் மகள்; 'அவள்' என்றது அவன் மனைவியை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பேனையைத் தாளின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

இவனை 2001இல் இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தேன். தங்கை மாலினியை 2004இல். இரண்டு பேரையும் படிப்பித்து, கல்யாணமும் கட்டிக் கொடுத்து முடிக்கும்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதுவும் நடந்ததுதான், ஆகவே எழுதுகிறேன்.

டிசம்பர் 3

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு தொலைபேசி இலக்கத்தைப் பாண் சுடும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் பெண் தந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். வீட்டை விற்பதற்காக நான் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லையாம். மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அதையே சொன்னார்கள்.

டிசம்பர் 9

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். இரண்டு ஆண்கள், லேசர் அளவுகோலோடு. வாங்கி, இடித்து மாற்றி, மூன்று குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவார்களாம். நான் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் என் அலமாரியைத் திறந்தார். உள்ளே சாமிப்படம் இருக்கிறது. மூடிவிட்டார்.

மற்றவர் விமலேந்திரனிடம் ஆங்கிலத்தில் கேட்டார், இந்த அம்மா எப்போது போகிறார் என்று. அவன் பதில் சொல்லு முன் நான் சொன்னேன், போகவில்லை என்று. என் ஆங்கிலம் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் அளக்கிறதை நிறுத்திவிட்டார்கள்.

விமலேந்திரன் போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 14

மாலினி தொலைபேசியில் சொன்னாள். தம்பி மே மாதத்துக்குப் பிறகு ஒரு வீடும் விற்கவில்லையாம். என்னிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்றானாம்.

நண்டு வாங்கிக் குழம்பு வைத்து, இரண்டு பஸ் மாறி அவன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் வாசலிலேயே நின்று வாங்கினான்.

"கையெழுத்து?" என்றான்.

"குழம்பு சூடா இருக்கு, கவனம்" என்றேன்.

டிசம்பர் 27

தமிழ்க் கடையில் இலவசப் பத்திரிகை எடுத்தேன். புது வருடத்தில் வீட்டுச் சந்தை எப்படி இருக்கும் என்று மூன்று முகவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் இன்னும் விழும் என்கிறார். ஒருவர் இதுதான் அடிமட்டம், இனி ஏறும் என்கிறார். மூன்றாமவர் பொறுத்திருந்து பார்ப்போம் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். படத்தில் மூன்று பேருக்கும் ஒரே மாதிரிக் கோட்.

அந்தப் பக்கத்தை வெட்டி வைத்தேன். மரக்கறி சுற்ற உதவும்.

ஜனவரி 5

வேலை முடிந்து வங்கிக்குப் போனேன். சும்மாதான். அங்கே சூடாக இருந்தது. ஒரு மணி நேரம் இருந்து கதைத்தேன்.

ஜனவரி 11

இன்று எழுத நிறைய இருக்கிறது.

காலை எழும்பும்போதே மூக்கு விறைத்திருந்தது. வெளியே மைனஸ் இருபத்தாறு. கூடவே இரண்டு நாளாகக் கொட்டிய பனி. வெப்பக்காற்று வரும் துவாரத்தில் கை வைத்தால் குளிர்காற்றுத்தான் வந்தது. வீட்டைச் சூடாக்கும் உலை என் குளியலறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. அதன் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

மேலே செருப்பு வேகமாக இழுபட்டது. பிறகு கதவு தட்டும் சத்தம். மேல்வீட்டுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் படிக்கட்டுக் கதவு. ஒன்பது வருடத்தில் அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை.

பிரேமளா குளிருக்குப் போடும் பெரிய ஜக்கெட்டோடு நின்றார்.

"அக்கா, ஹீற்றர் நிண்டுபோச்சு. இதெல்லாம் அவர்தான் பாக்கிறவர். எனக்கு ஒண்டும் தெரியாது. ஆளைக் கூப்பிட்டால் நாளைக்குத்தான் வருவினமாம்."

"நாளைக்குத் தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சிடும். வாங்கோ என்னோடை."

உலையின் புகை போகிற வெள்ளைக் குழாய் வீட்டுப் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில் வெளியே வருகிறது. பனி குவிந்தால் வாய் அடைத்துவிடும். அடைத்தால் உலை தானாகவே நின்றுவிடும். என் ஜன்னலுக்கு நேரே இருப்பதால் ஒவ்வொரு குளிர்காலமும் நான்தான் துப்புரவாக்குகிறேன். இந்தத் தரம் பனி என் ஜன்னலையே மூடிவிட்டது.

இரண்டு பேரும் இடுப்பளவு பனிக்குள் இறங்கி வெட்டினோம். பிரேமளாவுக்குப் பனி வாரும் சவள் பிடிக்கத் தெரியவில்லை. காட்டிக்கொடுத்தேன். குழாயின் வாயில் பனிக்கட்டி இறுகியிருந்தது. சுடுதண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார். ஊற்றினால் அதுவும் உறையும் என்றேன். அகப்பைக் காம்பால் தட்டித் தட்டி உடைத்தேன். உள்ளே வந்து உலையை நிறுத்தித் திரும்பப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு 'புஸ்' என்று பற்றிக்கொண்டது.

பிரேமளா என் படியில் இருந்துவிட்டார். நான் பால் விடாமல் பிளேன் ரீ போட்டேன்.

ஒன்பது வருடத்துக்கு முன், நான் இந்த இடம் பார்க்க வந்த அன்று, அவர் என்னிடம் ஊரில் எவடம் என்று கேட்டார்; சாதியை எங்கள் ஆட்கள் அப்படித்தான் கேட்பார்கள். சொன்னேன். அதன் பிறகு அவர் எதுவும் கேட்டதில்லை. கீழே வந்ததும் இல்லை. அவர்களுடைய மகளின் பிறந்தநாள், பொங்கல் என்றால் ஒருமுறை பாவித்து எறியும் பெட்டியில் சாப்பாடு படியில் இருக்கும். அது பற்றி எழுத ஒன்றுமில்லை.

ரீயை வாங்கினார். கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார்.

"அவர் வரமாட்டார் அக்கா" என்றார். "மொன்றியலிலை வேறை குடும்பம். ஒண்டரை வருசமாம். கோயில்லை எல்லாரிட்டையும் வேலை விசயம் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். மகளுக்குக்கூட இன்னும் சொல்லேல்லை. அவளுக்குச் சோதினை."

மகள் வோட்டர்லூவில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"அளக்க வந்தவை விலை சொல்லியிருக்கினம். நீங்கள் கையெழுத்து வைச்சால் எல்லாம் முடிஞ்சிடும்."

"முடிஞ்சால் நீங்கள் எங்கை போவியள்?"

"தெரியாது. என்ரை சம்பளத்துக்கு ஆர் தனிய எனக்கு வீடு தருவினம்? ஏதும் பேஸ்மண்டுக்குத்தான்." சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"அவரின்ரை பங்கை நான் வாங்கினால்?" என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. ஆனால் வங்கியில் தந்த தாள்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. எடுத்துக் காட்டினேன். பாண் தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருடம். எனக்கென்று நான் வாங்கியது ஒரு கட்டிலும் ஒரு தையல் மெசினும். மிச்சம் இருக்கிறது. இரண்டு பேருடைய சம்பளத்தையும் சேர்த்தால் வங்கி யோசிக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

பிரேமளா தாள்களைத் திருப்பித் தந்தார். மேலே போனார். கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

ஜனவரி 13

மேலே நடக்கிறார். சமையலறையிலிருந்து ஜன்னல் வரைக்கும், திரும்ப ஜன்னலிலிருந்து சமையலறை வரைக்கும்.



ஜனவரி 18

பின்னேரம் பிரேமளா வந்தார். இந்தத் தரம் படியில் இருக்கவில்லை, கதிரையில் இருந்தார். கையில் ஒரு கொப்பியும் பேனையும். நிபந்தனைகளாம்.

"என்ரை சமையலறை எனக்குத்தான்."

"ஓம். என்ரை எனக்கு."

"சனிக்கிழமைகளிலை மீன் பொரிக்கக் கூடாது. மணம் மேலை வருது."

"புதன்கிழமை பொரிக்கிறன். உடுப்புத் தோய்க்கிற மெசின் ஞாயிறு காலமை எனக்கு வேணும். பின்வளவிலை பாதி எனக்கு. கத்தரி வைக்கப் போறன்."

எழுதினார்.

"இன்னொண்டு இருக்கு" என்றேன். "உங்கடை வீட்டு விசேசத்துக்கு என்னை மேலை கூப்பிடோணும். படியிலை சாப்பாடு வைக்கக் கூடாது."

கொப்பியைப் பார்த்தபடியே இருந்தார். காது சிவந்துவிட்டது. பேனை ஓடவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், உதவி செய்யவில்லை.

பிறகு எழுதினார். எழுதிவிட்டு அந்த வரிக்குக் கீழே கோடும் போட்டார்.

ஜனவரி 20

விமலேந்திரனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"விசரே அக்கா உங்களுக்கு? ஆரோ ஒரு பொம்பிளையோடை சேர்ந்து வீடு வாங்கிறதோ? நாளைக்கு அவவுக்கும் உங்களுக்கும் ஒத்துவராட்டில்? விலை இன்னும் இறங்கினால்?"

"இறங்கட்டும். நான் விக்கிறதுக்கு வாங்கேல்லை, இருக்கிறதுக்கு வாங்கிறன்."

அவன் எழும்பி ஜன்னலடியில் போய் நின்றான். பனிதான் தெரியும்.

"அளந்தவை நீங்கள் கையெழுத்து வைச்சால் இந்தக் கிழமையே முடிப்பினம். எனக்கு அது வேணும் அக்கா. நீங்கள் பங்கு வாங்கிறதெண்டால் வக்கீல்தான் செய்வார். எனக்கு அதிலை ஒண்டும் வராது."

இவ்வளவு தெளிவாக அவன் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. சின்ன வயதில் கேட்க முன்னமே நான் கொடுத்துவிடுவேன். அதனால் அவனுக்குக் கேட்டுப் பழக்கமில்லை, எனக்கு மறுத்தும் பழக்கமில்லை.

"தெரியும்" என்றேன். "எண்டாலும் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்து சாத்தியிருக்கலாம்.

ஜனவரி 29

அழுத்தம் பார்த்தார்கள். கூடியிருக்கிறது. எழுதுகிறீர்களா என்று டொக்டர் கேட்டார். எழுதுகிறேன் என்றேன்.

பெப்ரவரி 4

அளந்தவர்கள் விலகிவிட்டார்கள். ஆள் இருக்கிற வீடு வேண்டாமாம். வேறு யாரும் வரவில்லை. வீட்டை விற்க விமலேந்திரனுக்குக் கொடுத்திருந்த தவணையும் போன மாதத்தோடு முடிந்துவிட்டது.

ஜெயதாசன் மொன்றியலில் இருந்து தொலைபேசி எடுத்தார்.

"நீங்கள் எங்கடை வீட்டிலை வாடகைக்கு இருக்கிற ஆள். அதை மறந்திடாதேங்கோ."

"மறக்கேல்லை. ஒன்பது வருசத்திலை ஒரு மாதமும் வாடகை பிந்தேல்லை."

"பிரேமளாவுக்கு நீங்கள்தான் சொல்லிக் குடுக்கிறியள். உங்களுக்கும் எங்களுக்கும் என்ன? நீங்கள் எவடம், நாங்கள் எவடம்?"

"நான் கீழை, அவ மேலை. நீங்கள்தான் மொன்றியல்" என்றேன்.

வைத்துவிட்டார்.  அடுத்த நாள் வேலைக்குப் போட வேண்டிய உடுப்பை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கினேன். மினுக்கினதையே திரும்பவும் மினுக்கினேன்.

பெப்ரவரி 15

காலையில் சவள் சுரண்டும் சத்தம். பிரேமளாவாக்கும் என்று நினைத்தேன். ஜன்னலால் பார்த்தால் விமலேந்திரனின் சப்பாத்து. மூன்றரைக் கிழமையாக அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

வாசலிலிருந்து தெரு வரைக்கும் துப்புரவாக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தான். பாணும் சம்பலும் கொடுத்தேன்.

"ஒரு களஞ்சியத்திலை வேலை எடுத்திட்டன் அக்கா. திங்கள் தொடங்குது. வீடு விக்கிறதை விடேல்லை. சந்தை திரும்பும் மட்டும்."

"நல்லது."

"கோட்டுப் போடத் தேவையில்லை" என்றான். சிரித்தான். நான் வேறு பக்கம் திரும்பிச் சம்பல் எடுத்தேன்.

பிறகு சொன்னான். நேற்று அவனாகவே ஜெயதாசனுடன் கதைத்தானாம். இந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் குளிருக்குள் விற்ற வீடுகள், விற்காமல் நிற்கும் வீடுகள், ஒவ்வொன்றும் எத்தனை நாள் நிற்கிறது என்று பட்டியல் போட்டு அனுப்பினானாம்.

"நான் இப்ப உங்கடை முகவர் இல்லை, இவ என்ரை அக்கா, அதையும் தெரிஞ்சுகொண்டு பாருங்கோ எண்டுதான் சொன்னனான். ஒரு பொய்யும் சொல்லேல்லை. நீங்களே ஒரு ஆளை வைச்சு மதிப்புப் போட்டுப் பாருங்கோ, அந்த மதிப்பிலை பாதியை அக்கா தருவா, வேறை ஆரும் இப்ப தரமாட்டினம் எண்டன்."

"என்ன சொன்னார்?"

"யோசிக்கிறாராம். அங்கை அவருக்கும் காசு அவசரம்."

சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான். பனி ஏறிய கண்ணாடியைத் துடைக்கிறவன் மாதிரி மெதுவாகக் கேட்டான், "என்னிலை கோவமோ?"

"பாண் இன்னும் இருக்கு" என்றேன்.

பெப்ரவரி 26

ஜெயதாசன் சம்மதம். மதிப்புப் போட ஆள் வந்து போனார். என் அலமாரியைத் திறக்க முன் அனுமதி கேட்டார்.

பிரேமளா மகளிடம் சொல்லிவிட்டார். மகள் அழவில்லையாம். 'எனக்கு டிசம்பரிலை நத்தாருக்கே தெரியும் அம்மா' என்றாளாம்.

மார்ச் 5

வங்கி ஓம் சொல்லிவிட்டது. இன்று பாண் வெட்டும் மெசினில் இரண்டு தரம் பிழை விட்டேன். மேற்பார்வையாளர் சுகமில்லையா என்று கேட்டார்.

மார்ச் 19

வக்கீலின் அலுவலகம். விமலேந்திரன் களஞ்சியத்தில் அரைநாள் லீவு எடுத்து எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனான். பிரேமளா முன் இருக்கையை எனக்கு விட்டார்.

வக்கீல் இளம் பெண், எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். எல்லாத் தாள்களையும் விளங்கப்படுத்தினாள். கடைசியில் கேட்டாள்.

"உங்கள் ரெண்டு பேரிலை ஒருத்தர் இல்லாமல் போனால் அவவின்ரை பாதி மற்றவவுக்குப் போகோணுமோ, இல்லாட்டில் உங்கட உங்கட ஆக்களுக்கோ?"

பிரேமளா யோசிக்கவில்லை. "என்ரை பாதி என்ரை மகளுக்கு" என்றார்.

வக்கீல் என்னைப் பார்த்தாள். வெளியே கண்ணாடிக்கு அப்பால் விமலேந்திரன் தொலைபேசியில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றான். அவன் பெயர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் மாலினியின் பெயர், மாலினியின் பிள்ளைகளின் பெயர்கள். இருபத்தைந்து வருடமாக எந்தத் தாள் நிரப்பினாலும் அந்தப் பெயர்களைத்தான் நிரப்பியிருக்கிறேன்.

"அதை இப்பவே சொல்லோணுமோ?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. பாதி உங்களுக்குத் தனிய எண்டு எழுதலாம். மிச்சத்தைப் பிறகு உயிலிலை எழுதுங்கோ."

"அப்ப என்ரை பேரை மட்டும் போடுங்கோ. மிச்சத்தை நான் ஆறுதலா யோசிக்கிறன்."

போட்டாள். முழுப் பெயரும்: ராசமலர் கந்தப்பு. ஒவ்வொரு எழுத்தையும் சரி பார்த்தேன். பிறகு காட்டின இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன். பதினாறு இடங்கள்.

வெளியே வந்ததும் விமலேந்திரன் தொலைபேசியை வைத்துவிட்டு, "முடிஞ்சுதோ?" என்றான். ஒரு குடும்பம் வசந்தத்தில் வீடு பார்க்கக் கேட்கிறதாம். சின்ன வீடுதானாம். ஆனால் அவன் குரலில் பழைய உசார் வந்திருந்தது.

ஏப்ரல் 2

பனி உருகுகிறது. மழையும் சேர்ந்துவிட்டது. காலையில் என் கட்டிலுக்குப் பின்சுவரில் கை வைத்தால் ஈரம். கட்டிலை இழுத்துப் பார்த்தேன். மூலையிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரு வெடிப்பு.

மேலே போய்ச் சொன்னேன். பிரேமளா இறங்கி வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு ஆரைக் கூப்பிடுறது அக்கா?"

"எனக்கும் தெரியாது."

"சரியான செலவு வரும்."

"வரும்."

இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு நுனியிலும் பிடித்து, நடு அறைக்கு நகர்த்தினோம். வாளி வைத்தோம். ஈரம் துடைக்கப் பழைய துவாய்களை அவர் மேலேயிருந்து கொண்டுவந்தார். இன்று எனக்கு வேலை இல்லை. வெளியே போய் மண்ணைத் தோண்டி, தண்ணீர் எங்கேயிருந்து இறங்குகிறது என்று பார்க்கப் போகிறோம்.